மலை வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி? புது ரிவால்வரா, அப்பாவின் இரட்டைக்குழலா?

போடிமெட்டு_ஏலம்:
எல்லோருக்கும் வணக்கம். கேரள எல்லைக்குள், இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறைப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. காய் எடுக்கும் மாதங்களில் அப்பாவும் அம்மாவும் மேலேயே தங்கிவிடுவார்கள். அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 66. நான் போடியில் கடையைப் பார்த்துக்கொண்டு வாரம் இரண்டு தடவை ஜீப்பில் ஏறி இறங்குகிறேன். போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் ஸ்டோர் பூட்டை உடைத்து, காய வைத்திருந்த காயை நாலு மூட்டை தூக்கிவிட்டார்கள். காவலுக்குப் படுத்திருந்த பெரியவரைக் கம்பளியோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து அம்மா இரவில் சரியாகத் தூங்குவதில்லை, நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

அப்பாவிடம் இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. 1991-ல் லைசென்ஸ் எடுத்தது, அப்போது நாங்கள் மதுரை மாவட்டம். தவறாமல் புதுப்பித்து வருகிறார், ஆனால் துப்பாக்கி போடி வீட்டுப் பீரோவிலேயே கிடக்கிறது, கடைசியாக எப்போது சுட்டார் என்று அவருக்கே நினைவில்லை. என் மைத்துனர் கான்பூர் .32 ரிவால்வர் வாங்கச் சொல்கிறார், சின்னது, தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். தெரிந்த இன்னொருவர் பேப்பர் எதுவும் வேண்டாம், நாட்டுத் துப்பாக்கி ஒன்று ஏற்பாடு செய்கிறேன் என்கிறார்.

எதை வாங்குவது, யார் பெயரில், தேனியிலா இடுக்கியிலா? யானை வந்தால் உதவுமா என்று அம்மா வேறு கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பம்மெட்டு_பழையவர்:
தம்பி, முதலில் அந்த நாட்டுத் துப்பாக்கிக்காரரின் போனையே எடுக்காதீர்கள். 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு வருடம், ஐந்து வருடம் வரை போகலாம். நீங்கள் சுட வேண்டும் என்றுகூட இல்லை, வீட்டில் இருந்தால் போதும். அந்தக் குழல் எந்த இரும்பு, எவ்வளவு மருந்து தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது, அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடப்போவது உங்கள் அப்பா.

யானைக்கும் துப்பாக்கி வேண்டாம். தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவை பட்டால் அதற்குக் கோபம்தான் வரும், வனவிலங்குச் சட்டப்படியும் அது முழுப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணை விலங்கு. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடிக்க மயக்க ஊசியும் நாலு கும்கியும் தேவைப்பட்டன. அம்மாவிடம் யானை வந்தால் விளக்கைப் போட்டு உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள், வனத்துறை ஆட்களின் நம்பர் சுவரில் எழுதியிருக்கட்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எது நல்ல துப்பாக்கி என்று யோசிப்பதற்கு முன், இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அதை யார் கையில் எடுக்கப்போகிறார் என்று யோசியுங்கள். ரிவால்வர் பார்க்க எளிது, ஆனால் கைத்துப்பாக்கிதான் எல்லாவற்றிலும் கடினம். குழல் மூன்று அங்குலம்தான், கை கொஞ்சம் நடுங்கினாலும் குறி எங்கோ போகும், ட்ரிக்கரை இழுக்க விரலில் நல்ல பலம் வேண்டும். மாதம் ஒரு தடவையாவது சுட்டுப் பழகாதவர் கையில் அது சத்தம் மட்டும்தான். பெண்களுக்கென்று 2014-ல் கான்பூரில் நிர்பீக் என்று ஒன்று விட்டார்கள், அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அந்தப் பணத்தில் தோட்டத்துக்கு எவ்வளவோ செய்யலாம்.

12 போர் வேறு விதம். பின்கட்டையைத் தோளில் அணைத்துப் பிடிப்பதால் வயதானவர்களுக்கும் குறி நிற்கும், உதையைத் தாங்கத் தோள்பட்டை பழக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ரவை விரியும், அதனால் குறி பார்க்கத் தேவையில்லை என்று சொல்வார்களே, அதை நம்பாதீர்கள். ஏறக்குறைய ஒரு கஜ தூரத்துக்கு ஓர் அங்குலம்தான் விரியும். உங்கள் வீட்டு நடு அறை எவ்வளவு நீளம்? அந்தத் தூரத்தில் ரவை எல்லாம் ஒரு கையகலத்துக்குள்தான் விழும். பெரிய ரவைத் தோட்டா பலகைச் சுவரையும் தகரத்தையும் துளைத்து அந்தப் பக்கம் போய்விடும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் வேலையாட்கள் குடியிருக்கும் லயம் இருக்கிறதா? அங்கே குழந்தைகள் தூங்குவார்களே. இரட்டைக்குழலுக்கு இன்னொரு குறை, நீளம். குறுகலான நடையில் திருப்ப முடியாது. அதனால் அதை எடுத்துக்கொண்டு அறை அறையாகத் தேடிப் போகவே கூடாது, ஓர் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்வதற்குத்தான் அது.

.315 ரைபிள் பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும், மலைச்சரிவில் கீழே யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. நான் கேட்டால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்பேன். வீட்டில் இருக்கும் 12 போரை நல்ல ஆயுதக் கடையில் கொடுத்துப் பாருங்கள். ஸ்பிரிங், பூட்டு, குழலுக்குள் துரு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய தோட்டாக்களை அவர்களிடமே கொடுத்துவிட்டு, லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குள் புதிது வாங்குங்கள்.

கூடலூர்_குமாஸ்தா (நம்ம தேனி கூடலூர், நீலகிரி இல்லை):
பழையவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். அப்பாவின் லைசென்ஸில் எந்த எல்லைக்குள் செல்லும் என்று ஒரு கட்டத்தில் எழுதியிருக்கும், இன்றே எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு என்று இருந்தால், போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டிய அடுத்த நிமிடம் அந்தத் துப்பாக்கிக்குப் பேப்பர் இல்லை என்றே அர்த்தம். சொந்தத் தோட்டம், சொந்தத் துப்பாக்கி என்ற நியாயமெல்லாம் அங்கே செல்லாது. மேலே கொண்டுபோக வேண்டுமானால் எல்லையை நீட்டிக்கக் கேட்டு எழுத வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் போலீஸ் விசாரணை வரலாம், அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது, அப்பா பெயரிலேயே வைத்திருக்க அவசியம் இல்லை. 2016 ஆயுத விதிகளில் 25-வது விதி இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே பொருந்துகிறது. நீங்களும் முழு விண்ணப்பம் போட வேண்டும், போலீஸ் அறிக்கை வரும், பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், வீட்டில் பத்திரமாக வைப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் புதிதாகக் கேட்பவரைவிட உங்கள் கோப்புக்கு ஒரு பிடிமானம் இருக்கும். கிடைத்தால் ஐந்து வருடம் செல்லும். தொழில் செய்யும் இடத்தைக் காட்டி இடுக்கியில் கேட்கவும் வழி உண்டு, அதற்குப் பைனாவு கலெக்டரேட் வரை அலைய வேண்டும். பன்றிக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று கொடுக்கும் லைசென்ஸ் தனி, அதில் குறிப்பிட்ட நிலத்துக்குள்தான், அதையும் இதையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது பாரதிய நியாய சன்ஹிதா. அதில் 41-வது பிரிவு, பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கும்போது உயிரே போனாலும் தற்காப்பு ஆகலாம் என்கிறது. ஆனால் 37-வது பிரிவு, தேவைக்கு மேல் ஒரு காயமும் செய்யக்கூடாது என்கிறது. மூட்டையோடு திரும்பி ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு 41 என்று சொன்னால் எந்த வக்கீலும் காப்பாற்ற முடியாது.

போடிமெட்டு_ஏலம்:
மிக்க நன்றி அண்ணே, இருவருக்கும். லைசென்ஸைப் பார்த்துவிட்டேன், தமிழ்நாடு என்றுதான் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் லயம் இருக்கிறது, மூன்று குடும்பம், முப்பது அடிகூட இருக்காது. இதை நான் யோசிக்கவே இல்லை. ஒன்று மட்டும், அப்பாவுக்கு வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்.

நெடுங்கண்டம்_அக்கா:
தம்பி, கண் விஷயத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது இது. ஒன்பது வருடம் ஆகிறது. எங்களுக்கும் ஸ்டோரில் திருட்டுப் போனது, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிதான், இந்தப் பக்கமே எடுத்தது. மழை இரவு, கரண்ட் இல்லை. ஸ்டோர் பக்கம் டார்ச் வெளிச்சம் ஆடியது. என் கணவர் யாரடா என்று ஒரு தடவை கத்தினார், மழைச் சத்தத்தில் பதில் கேட்கவில்லை, தரையைப் பார்த்துத்தான் சுட்டார். கல்லில் பட்டுத் திரும்பிய ரவை, எங்களிடம் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவரின் மகன் தொடையில் ஏறியது. அவன் அப்பாவுக்கு மூச்சுத்திணறல், ஜீப் கேட்க வந்திருக்கிறான். பையனுக்கு அப்போது பதினாறு வயது.

பையன் பிழைத்தான், இன்றும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறான். அந்தக் குடும்பம் எங்கள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது. கேஸ் நடந்தது, லைசென்ஸ் போனது, என் கணவர் அதற்குப் பிறகு இரவில் முற்றத்துக்கே இறங்குவதில்லை. அவர் கெட்டவர் இல்லை தம்பி, கண்ணும் நன்றாகத்தான் தெரியும். இருட்டில் யார் என்று தெரியாமல் சுட்டார், அவ்வளவுதான் தவறு.

அதனால் துப்பாக்கிக்கு முன்னால் வெளிச்சம் வேண்டும். ஸ்டோர் நாலு மூலையிலும் பேட்டரியோடு விளக்கு, கரண்ட் போனாலும் எரிய வேண்டும். லயத்து ஆட்களிடம் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: இரவில் யார் வந்தாலும் தூரத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும், உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் குறுக்குச் சட்டம் போடுங்கள். காய்ந்த காயை மேலே சேர்த்து வைக்காதீர்கள், நாங்கள் இப்போது ஒவ்வொரு வாரமும் புற்றடியில் ஏல விற்பனைக்கு அனுப்பிவிடுகிறோம், நீங்கள் போடிக்கே இறக்கலாமே. திருடன் காய்க்குத்தான் வருகிறான். இதையெல்லாம் செய்த பிறகும் துப்பாக்கி வேண்டும் என்றால் உங்கள் பெயரில் எடுங்கள், நீங்கள் மேலே தங்கும் இரவுகளில் மட்டும் உங்களோடு ஏறி உங்களோடு இறங்கட்டும். ஆள் இல்லாத வீட்டில் துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தால் அடுத்து திருட்டுப் போவது அதுதான்.

கம்பம்மெட்டு_பழையவர்:
அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. தம்பி, தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், வாரக்கணக்கில் கையில் இருக்காது, அந்த இரவுகளுக்கும் சேர்த்து விளக்கும் கதவின் குறுக்குச் சட்டமும்தான் துணை.

போடிமெட்டு_ஏலம்:
அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டார்.

மைத்துனரிடம் ரிவால்வர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், அது முடிந்ததும் 25-வது விதிப்படி என் பெயருக்கு மாற்ற தேனியில் மனு கொடுக்கிறேன், எல்லை நீட்டிப்பும் அதோடு. பேப்பர் வரும்வரை துப்பாக்கி போடியிலேயே இருக்கும். இருக்கிற மூன்று மூட்டையை நாளைக்கே கீழே இறக்குகிறேன். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் பேட்டரி விளக்கு போடும் எலக்ட்ரீஷியன் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இந்த வாரமே வேண்டும்.