கடலுக்கு அருகிலுள்ள சிறிய வேலைக்கூடத்தில் மரவேலை ஆயுதங்களை எப்படி அடுக்குவது?

வடமராட்சியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு பருத்தித்துறையில், கடற்கரைக்கு மிக அருகில் இருக்கிறது. முன்பு விறகும் தேங்காயும் போட்டு வைத்திருந்த, எட்டடிக்குப் பத்தடி அளவான பின்னறையை இப்போது மரவேலை செய்யும் இடமாக மாற்றியிருக்கிறேன். சுவர்கள் சீமெந்துக் கல்லால் கட்டிப் பூசப்பட்டவை, கூரை தகரம், வடக்கே ஒரு யன்னலும் கிழக்கே கதவும் உண்டு. அப்பா பாவித்த சீவுளிகள், உளிகள், வாள்கள், அரங்கள் ஆகியவற்றோடு நான் வாங்கிய ட்றில், கிறைண்டர் என்பனவும் இரண்டு மரப்பெட்டிகளிலும் நிலத்திலுமாகக் கிடக்கின்றன. ஒரு உளியை எடுப்பதற்குப் பெட்டி முழுவதையும் கிளற வேண்டியிருப்பதோடு, கிளறும்போது தீட்டி வைத்த வெட்டுவாய் அரத்தில் உரசி மழுங்கியும் விடுகிறது. சுவரில் பலகை அடித்து எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியும்படி தொங்கவிடுவதா, அல்லது லாச்சிகள் வைத்த அலுமாரி ஒன்றைச் செய்வதா என்று தீர்மானிக்க முடியாமல் இருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னர் இந்த வேலையை முடிக்க விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கோப்பாய்த் தச்சன் எழுதியது:

தம்பி, அலுமாரியா சுவரா என்று யோசிப்பதற்கு முன்னர் வேலைமேசை எங்கே நிற்கப் போகிறது என்பதைத் தீர்மானியுங்கள். மேசைக்கு முன்னால் நின்றபடி, கால் நகர்த்தாமல் கை எட்டக்கூடிய இடம்தான் அந்த அறையில் விலைமதிப்பான இடம். அதை நாளாந்தம் எடுக்கும் ஆயுதங்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். வாள்களை ஓரிடத்திலும் சுத்தியல்களை இன்னோரிடத்திலுமாக இனம் பிரித்து அடுக்குவதை விட, செய்யும் வேலையைப் பார்த்து அடுக்குவது நல்லது. அளவுநாடா, மூலைமட்டம், கோடு கீறும் கட்டை, பென்சில் ஆகிய நான்கும் எப்போதும் சேர்ந்தே கைக்கு வருவன, ஆதலால் அவை சேர்ந்தே இருக்கட்டும்.

சுவரில் தொங்கவிடுவதானால், ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனித்தனியாக ஆணி அடிக்க வேண்டாம். நாலைந்து அங்குல அகலமான பலகையை நீளவாட்டில் 45 பாகைச் சரிவாக இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைச் சரிவு மேல்நோக்கியும் சுவர்ப்பக்கம் தாழ்ந்தும் இருக்கும்படி சுவரில் முடுக்குங்கள். மற்றப் பாதியை, சரிவு கீழ்நோக்கி இருக்கும்படி, ஆயுதங்களைத் தாங்கும் இறாக்கையின் பின்புறத்தில் பொருத்துங்கள். இறாக்கையைத் தூக்கி மேலே வைத்ததும், பாரம் கூடக் கூட அது சுவரோடு இன்னும் இறுகி நிற்கும். பின்னர் புதிய ஆயுதம் ஒன்று வந்தாலும் சுவரைத் துளைக்காமல் இறாக்கையை மாத்திரம் கழற்றி நகர்த்தலாம். சீமெந்துக் கல் உள்ளே வெறுமையானதா என்பதைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வெறுமையான இடத்தில் சாதாரண பிளாஸ்ரிக் பிளக் பாரம் தாங்காது. பலகைக்கும் சுவருக்கும் இடையில் அரை அங்குலத்துக்காவது கட்டை கொடுத்துக் காற்றுப் போக விடவேண்டும். மாரியில் வெளிப்பூச்சு உறிஞ்சும் ஈரம், சுவரோடு ஒட்டியிருக்கும் பலகைக்குத்தான் முதலில் வரும்.

உளிகளுக்குப் பிளவு வெட்டிய பலகையே போதும். பிளவு உளியின் கழுத்து நுழையும் அளவுக்கு மட்டும் இருந்தால், பிடியின் தோள் பலகையின் மேல் அமர்ந்து உளி நேராக நிற்கும். கீழே வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய பலகையை மறைப்பாக அடித்துவிட்டால், கையும் வெட்டுப்படாது, வாயும் கெடாது.

காரைநகர் மெக்கானிக் எழுதியது:

கோப்பாய் ஐயா சொன்ன அடுக்கு முறையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பருத்தித்துறைக் கரையில் வாயுள்ள ஆயுதங்களைத் திறந்த சுவரில் தொங்கவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடற்காற்றோடு வரும் உப்புத்தூள் உருக்கின் மேல் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே இழுத்து வைத்துக்கொள்வதால், மழையில்லாத நாளிலும் கறள் பிடிக்கும். அதிலும் உங்கள் யன்னல் வடக்கே பார்க்கிறது, ஆகவே வாடைக்காற்றுக் காலத்தில் உப்பு நேரே உள்ளே வரும். சுத்தியல், குறடு, கிளாம்ப் போன்றவை வெளியே தொங்கட்டும். சீவுளி, உளி, வாள், மூலைமட்டம் ஆகியவை கதவுள்ள அலுமாரிக்குள் போகவேண்டும். அந்த அலுமாரியையும் கோப்பாய் ஐயா சொன்ன சரிவுப் பலகையிலேயே தொங்கவிடலாம், ஆனால் பாரம் கூடுமென்பதால் கீழே ஒரு தாங்குகட்டையும் கொடுத்துவிடுங்கள்.

அலுமாரியை நிலத்தில் வைப்பதானால், கால்களை ஆறங்குலமாவது உயர்த்திச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். அப்போதுதான் கறையான் மண்வழி கட்டி ஏறினால் கண்ணுக்குத் தெரியும்.

ஆயுதங்களைப் பழைய பத்திரிகையிலோ, சாக்கிலோ, காட்போட் பெட்டியிலோ சுற்றி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அவை ஈரத்தை வாங்கி உருக்கோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். கைவியர்வையிலும் உப்பு இருப்பதால், வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயைத் தடவி உள்ளே வைக்கவேண்டும். தேங்காயெண்ணெய் வேண்டாம். அது நாட்பட்டுப் பழுதாகும்போது அமிலத்தன்மை அடைந்து உலோகத்தையே அரிக்கத் தொடங்கும். சீவுளியின் அடிப்பக்கத்துக்குத் தேன்மெழுகோ மெழுகுதிரியோ பூசினால், கறளும் தடுக்கப்படும், மரத்தில் எண்ணெய்க் கறையும் விழாது. சிலிக்கா ஜெல் பொதிகளும் உதவும். ஆனால் அவை ஓரளவுக்கு மேல் ஈரம் வாங்க மாட்டா என்பதால், இடையிடையே சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைக்கவேண்டும்.

மின்வேலைக்காரன் எழுதியது:

மின்கருவிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தகரக் கூரையின் கீழ் பகலில் ஏறும் வெப்பம் லிதியம் பற்றறியின் ஆயுளைக் குறைத்துவிடும். ஆகவே ட்றில் வேலைக்கூடத்தில் இருந்தாலும் பற்றறியும் சார்ஜரும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். நீண்ட நாள் பாவிக்காவிட்டால், முழுவதும் சார்ஜ் செய்யாமல் ஏறக்குறைய அரைவாசியில் வையுங்கள். கிறைண்டர் தட்டுகளை நிறுத்தி வைக்காமல், உலர்ந்த லாச்சிக்குள் படுக்கையாக வைக்கவேண்டும். அவற்றின் நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். ஈரம் பட்ட அல்லது திகதி கடந்த தட்டு சுற்றும்போது உடைந்து பறக்கக்கூடும் என்பதால், அப்படியானவற்றைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். தின்னர், மண்ணெண்ணெய், பெயின்ற் ஆகியவை கிறைண்டரின் தீப்பொறி எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

வடமராட்சியான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மேசையைத் தெற்குச் சுவரோடு போட்டு, அதற்கு மேலே கதவுள்ள அலுமாரியைத் தொங்கவிடவும், குறடும் சுத்தியலும் கதவின் பக்கமாக வெளியே இருக்கவும் ஒழுங்கு செய்யப் போகிறேன். அலுமாரிக் கதவில் காற்றோட்டத்துக்குத் துளை விடவேண்டுமா?

காரைநகர் மெக்கானிக் எழுதியது:

உங்கள் இடத்தில் துளை வேண்டாம், காற்றோடு உப்பும் உள்ளே போகும். கதவு நன்றாகப் படியும்படி செய்து, ஓரங்களில் ரப்பர் பட்டி ஒட்டிவிடுங்கள். ஆனால் நன்றாகக் காய்ந்த பலகையால்தான் அந்த அலுமாரியைச் செய்யவேண்டும். பச்சை மரத்தால் செய்தால், அந்த மரத்தின் ஈரமே உள்ளே அடைபட்டு ஆயுதங்களில் இறங்கும்.

கோப்பாய்த் தச்சன் எழுதியது:

கதவின் உட்பக்கத்தையும் வீணாக விடவேண்டாம், வாள்களை அங்கே கொழுவலாம். அதற்காக அலுமாரியை இரண்டங்குலம் கூடுதல் ஆழமாகச் செய்யுங்கள். பலகை வெட்டுவதற்கு முன்னர் உங்களிடமுள்ள மிக நீளமான வாளை அளந்து, அதற்கேற்பக் கதவின் உயரத்தைத் தீர்மானியுங்கள்.