ஒரே கணக்கிலிருந்து பல பரிவர்த்தனைகள்: நான்ஸ் எண்ணை எப்படிப் பராமரிக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. ஜாவாஸ்கிரிப்டில், ஈதர்ஸ் நூலகத்தின் 6ஆம் பதிப்பைக் கொண்டு, எதீரியம் பிளாக்செயினின் செபோலியா சோதனை வலையில் பரிவர்த்தனைகளைக் கையொப்பமிட்டு அனுப்பும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். ஒன்றை மட்டும் அனுப்பினால் சிக்கலே இல்லை. செயின் ஐடி (வலையின் அடையாள எண்) 11155111, கேஸ் வரம்பு (பரிவர்த்தனை செலவிடக்கூடிய கணிப்பு வேலையின் உச்ச அளவு) 21000, எல்லாம் சரி.

20 பரிவர்த்தனைகளை அடுத்தடுத்து அனுப்பும்போதுதான் தகராறு. முதலில் எல்லாமே ஒரே நான்ஸை, அதாவது கணக்கிலிருந்து போகும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய வரிசை எண்ணை, எடுத்துக்கொண்டன. அடுத்த எண்ணை நான் ‘லேட்டஸ்ட்’ என்று கேட்டிருந்தேன். இன்னும் பிளாக்கில் ஏறாமல் காத்திருப்பவை அந்த எண்ணிக்கையில் வராது. ‘பெண்டிங்’ என்று மாற்றியதும் அது தீர்ந்தது. அப்புறம் கட்டணம் குறைவான ஒன்று மாட்டிக்கொள்ள, அதற்குப் பின்னால் இருந்தவை எதுவும் நகரவில்லை. அதே நான்ஸில் முன்னுரிமைக் கட்டணத்தை (சீக்கிரம் ஏற்றத் தரும் கூடுதல் தொகை) உயர்த்தி மறுபடி அனுப்பினேன், நோட் (பரிவர்த்தனையைப் பெறும் வலைக் கணினி) ஏற்கவில்லை. உச்சக் கட்டணத்தையும் (ஒரு கேஸ் அலகுக்கு மொத்தமாகத் தரச் சம்மதிக்கும் வரம்பு) சேர்த்து, இரண்டையும் குறைந்தது 10 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று கண்டுபிடிக்க அரை நாள் போனது.

இப்போது நான்ஸை நானே தரவுத்தளத்தில் எண்ணி வைக்கிறேன். கையொப்பமிட்ட பிறகு, அனுப்பும் முன் நிரல் நின்றுவிட்டால் என்ன செய்வது? கையொப்பமிட்ட வடிவத்தை முதலில் சேமித்து, மறுதொடக்கத்தில் அதையே திரும்ப அனுப்பலாம் என நினைக்கிறேன். ஒரே நான்ஸ் இரண்டு முறை ஏறாது என்பதால் பணம் இரட்டிப்பாகப் போகாது. இதில் ஓட்டை ஏதும் தெரிகிறதா?

இன்னொன்று: கையொப்பமிடும் ஒரே சாவியை இரண்டு சர்வர்கள் பயன்படுத்தினால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் நான்ஸை எடுக்கும்படி பூட்டு போட்டால் போதுமா, பரிவர்த்தனைகளுக்குத் தனி வரிசை வேண்டுமா? நேரடியாகச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.