தினை அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகிறது, உதவி தேவை

தீபாவளிக்கு இந்த முறை பச்சரிசிக்குப் பதில் தினையில் அதிரசம் செய்ய ஆசைப்பட்டு, மூன்று வாரமாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறேன். ஊர் ஈரோடு. எண்ணெயில் போட்டதும் ஓரம் நுரைத்து, நடுவில் ஓட்டை விழுந்து, அரை நிமிடத்தில் தூள்தூளாகப் பிரிந்துவிடுகிறது. அடியில் தங்குவது மணல் மாதிரி.

அளவு: தினை அரை கிலோ, உருண்டை வெல்லம் 400 கிராம், ஏலக்காய், சுக்கு. தினையை 2 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் துணியில் உலர்த்தி, கையில் பிடித்தால் பிடிபடும் ஈரத்தோடு மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன். பாகு தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதம். மாவை ஒரு நாள் வைத்திருந்து சுட்டேன்.

இரண்டாம் முறை மூன்று நாள் வைத்தேன், அதே கதை. அடுத்து வெல்லத்தை 350 கிராமாகக் குறைத்தேன். பிரியவில்லை, ஆனால் கல்லாகிவிட்டது. கருப்பட்டியிலும் பார்த்தாயிற்று. தீயைக் குறைத்தால் எண்ணெய் குடிக்கிறது. பாதிக்குப் பாதி பச்சரிசி சேர்த்தால் அழகாக வருகிறது, உள்ளே மெத்தென்று, அம்மா செய்த அதே வாசனையோடு. ஆனால் முழுக்கத் தினையிலேயே செய்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. (வெல்லமும் சர்க்கரைதான், தெரியும். அதனால் அப்பாவுக்கு ஒன்றுதான் கொடுப்பேன்.)

அரிசியே சேர்க்காமல் தினையில் அதிரசம் சுட்டவர்கள் யாராவது, பாகை எந்தப் பதத்தில் இறக்கினீர்கள் என்று சொல்ல முடியுமா?