புது ரவுட்டர் போட்டதிலிருந்து டெஸ்க்டாப்பில் மட்டும் நெட் வரவில்லை. எந்த செட்டிங்கைப் பார்ப்பது?

ஜெராக்ஸ்கடை

வணக்கம். சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய ரவுட்டர் இடி மின்னலில் போய்விட்டது. நேற்று புதுசு மாட்டிவிட்டார்கள். போன், லேப்டாப் இரண்டிலும் வைஃபை நன்றாக ஓடுகிறது. பில் போடும் டெஸ்க்டாப்பில் (விண்டோஸ் 11, கேபிள் கனெக்‌ஷன்) மட்டும் "நோ இன்டர்நெட்" என்று வருகிறது. அதே கேபிளை லேப்டாப்பில் சொருகினால் நெட் வருகிறது.

இன்னொரு குழப்பம். ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் பண்ணினால் டெஸ்க்டாப் ஃபோல்டரில் எப்போதும்போல வந்து விழுகிறது. ஆனால் லேப்டாப்பிலிருந்து அதே மெஷினுக்குப் பிரின்ட் கொடுத்தால் போகமாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டு போய்விட்டதா?

ஃபார்மேட்பிரியன்

செட்டிங்ஸ்ல நெட்வொர்க் ரீசெட் இருக்கும், அழுத்துங்க. ரீஸ்டார்ட் ஆகும், சரியாயிடும். ஆகலைன்னா விண்டோஸ் திரும்பப் போட்டுடுங்க.

லேன்வயர்

ரீசெட் இப்போ வேண்டாம் அக்கா. அதுல நெட் வந்தாலும் வந்துடும். ஆனா யாரோ காரணத்தோட கையால போட்டு வச்ச ஐபி எண் (நெட்வொர்க்குல கம்ப்யூட்டரோட விலாசம் மாதிரி) அழிஞ்சு போயி, நாளைக்கு ஸ்கேன் வராம நிக்கும். கார்டு நல்லாத்தான் இருக்கு. கார்டு போயிருந்தா ஸ்கேன் எப்படி வந்து விழும்?

விண்டோஸ் பட்டனோட ஆர் அழுத்தி, சிஎம்டி-ன்னு அடிச்சு என்டர் தட்டுங்க. கறுப்பு ஜன்னல் திறக்கும். அதுல ஐபிகான்ஃபிக், ஒரு இடைவெளி, அப்புறம் /ஆல். நிறைய வரும், பயப்படாதீங்க. "ஈதர்நெட் அடாப்டர்" தலைப்புக்குக் கீழே இந்த ஐந்து வரி போதும்: டிஹெச்சிபி எனேபிள்டு, ஐபிவி4 அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே, டிஎன்எஸ் சர்வர்ஸ். அப்புறம் போன்ல வைஃபை பேரைத் தொட்டா விவரம் வரும், அதுல ஐபியும் கேட்வேயும் பார்த்துச் சொல்லுங்க.

192.168-ல ஆரம்பிக்கிற எண்ணை இங்கே போடத் தயங்க வேண்டாம், லட்சக்கணக்கான வீட்டுல அதே எண்தான் இருக்கு. ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படம் எடுத்து மட்டும் போட்டுடாதீங்க. பாஸ்வேர்டு அதுலதான் இருக்கும்.

ஜெராக்ஸ்கடை

டெஸ்க்டாப்:
டிஹெச்சிபி எனேபிள்டு: நோ
ஐபிவி4: 192.168.1.25
சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
கேட்வே: 192.168.1.1
டிஎன்எஸ்: 192.168.1.1

போன்: ஐபி 192.168.0.104, கேட்வே 192.168.0.1

கூகுளில் என் ஐபி என்ன என்று தேடினால் இதெல்லாம் இல்லாமல் வேறு ஏதோ எண் காட்டுகிறது.

லேன்வயர்

கூகுள் காட்டுறது வெளியுலகம் உங்களைப் பார்க்கிற எண். அதை விட்டுடுங்க, இதுக்குச் சம்பந்தமில்லை.

விஷயம் முதல் வரியிலேயே இருக்கு. டிஹெச்சிபி "எஸ்"-னா ரவுட்டர்கிட்ட கேட்டு எண் வாங்கிக்கும். "நோ"-ன்னா யாரோ கையால போட்டது. கேட்டும் ரவுட்டர் கொடுக்கலைன்னா 169.254-ல ஆரம்பிக்கிற எண்ணைத் தானா வச்சுக்கும், அது வேற கோளாறு, உங்களுக்கு அது இல்லை.

மாஸ்க் 255.255.255.0-ன்னா முதல் மூணு எண் ஒண்ணா இருக்கிற கருவிகள்தான் நேரடியாப் பேசிக்கும். பழைய ரவுட்டர் 192.168.1.1-ல இருந்திருக்கு. புதுசு 192.168.0.1. டெஸ்க்டாப் வெளியே போற வாசலா, அதாவது கேட்வேயா, இன்னும் பழைய 1.1-ஐத்தான் தேடுது, அங்கே இப்போ ஆளே இல்லை. உங்க ஜெராக்ஸ் மெஷினுக்கும் 192.168.1-லயே எண் போட்டிருப்பாங்க, அதான் ரெண்டும் தங்களுக்குள்ள பேசிக்குது. லேப்டாப் 0 பக்கம் போயிடுச்சு, பிரின்ட் போகலை.

ஃபார்மேட்பிரியன்

அப்போ டெஸ்க்டாப்பை ஆட்டோமேட்டிக் ஆக்கிடலாமே. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட், ஐபி அசைன்மென்ட் பக்கத்துல எடிட். முடிஞ்சுது.

லேன்வயர்

நெட் வரும், ஸ்கேன் நின்னுடும். மெஷின் 1.25-ன்னு தேடும், கம்ப்யூட்டர் 0-ல ஏதோ ஒரு எண்ணுக்குப் போயிருக்கும். அப்புறம் மெஷினோட சின்னத் திரையில அதோட எண்ணையும், ஸ்கேன் எங்கே அனுப்பணும்னு வச்சிருக்கிற அட்ரஸ் புக்கையும் தேடிப் பிடிச்சு மாத்தணும். வீடா இருந்தா நானும் ஆட்டோமேட்டிக்னுதான் சொல்லியிருப்பேன்.

அக்கா, நெட் லைன் நேரா புது பெட்டிக்கே வருதா, இல்லை நடுவுல இன்னொரு பெட்டி இருக்கா?

ஜெராக்ஸ்கடை

ஒரே பெட்டிதான் தம்பி. ஃபைபர் வயர் நேராக அதற்குள் போகிறது. மெஷின் மெனுவில் பார்த்தேன், 192.168.1.50 என்று இருக்கிறது.

லேன்வயர்

அப்போ கம்ப்யூட்டரையும் மெஷினையும் தொடவே வேண்டாம், ரவுட்டரை மாத்திடலாம். ரெண்டு பெட்டி இருந்து, முன்னாடி இருக்கிறது 1.1-ல இருந்தா இந்த வழி ஆகாது, மோதிக்கும். அதனாலதான் கேட்டேன்.

கடை கூட்டம் இல்லாத நேரமா போன் பிரவுசர்ல 192.168.0.1 திறந்து, ஸ்டிக்கர்ல இருக்கிற அட்மின் பாஸ்வேர்டு போடுங்க. லேன் அல்லது லோக்கல் நெட்வொர்க்னு ஒரு பக்கம் இருக்கும், பெட்டிக்குப் பெட்டி பேரு மாறும். அங்கே ரவுட்டர் ஐபியை 192.168.1.1 ஆக்குங்க. கீழேயே டிஹெச்சிபி தொடக்கம், முடிவு கேட்கும். 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை போடுங்க. இதை விட்டுட்டா ஒருநாள் யாரோ வாடிக்கையாளர் போனுக்கு 25-ஐயோ 50-ஐயோ ரவுட்டர் கொடுத்துடும், அப்போ நெட் வந்து வந்து போகும், கண்டுபிடிக்கிறதுக்குள்ள உயிர் போயிடும்.

சேவ் பண்ணினதும் பக்கம் அப்படியே நின்னுடும். அது சகஜம், ரவுட்டர் வீட்டு எண் மாறிடுச்சு இல்லையா. அந்த மெனு பூட்டியிருந்தா கனெக்‌ஷன் கொடுத்தவங்க கஸ்டமர் கேர்ல சொன்னா மாத்தித் தருவாங்க.

ஜெராக்ஸ்கடை

மெனு பூட்டவில்லை, மாற்றிவிட்டேன். டெஸ்க்டாப்பில் ஒன்றும் செய்யாமலே நெட் வந்துவிட்டது! ஸ்கேனும் வருகிறது. ஆனால் என் போனில் இப்போது நெட் இல்லை, லேப்டாப்பிலும் பிரின்ட் போகவில்லை.

லேன்வயர்

ரெண்டும் பழைய 0 எண்ணையே பிடிச்சுட்டு இருக்கும். ரெண்டுலயும் வைஃபையை அணைச்சுப் போடுங்க, 192.168.1.100-க்கு மேல புது எண் வாங்கிக்கும்.

ஜெராக்ஸ்கடை

வந்துவிட்டது. போனில் 192.168.1.101. லேப்டாப்பிலிருந்து பிரின்டும் போகிறது. நன்றி தம்பி.