புதுப்பிப்பு: இரவு பார்சல் செலவைக் குறைத்த கதை

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம், இரவானால் ஹோட்டல் பார்சல்தான், செலவைக் குறைக்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்ன வாராந்திரச் சமையல் அட்டவணை எங்கள் வீட்டில் எடுபடவில்லை. பணி நேரம் மாறிக்கொண்டே இருப்பவருக்கு அட்டவணை எதற்கு?

கைகொடுத்தது மீன் குழம்புதான். ஞாயிறு காலை கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் மத்தி வாங்கி வருவது அவர் வேலை. மண்சட்டியில் புளியைச் சற்றுத் தூக்கலாகக் கரைத்துவிட்டு, குழம்பு சுண்டி எண்ணெய் பிரிந்த பிறகே மீனைப் போடுகிறேன். அதற்குப் பின் கரண்டியே கூடாது; துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று, அவ்வளவுதான். மறுநாள் ருசி இன்னும் கூடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டிய அளவு மட்டும் எடுத்துச் சூடாக்குகிறோம். திங்கள் இரவு சோறு வடித்தால் போதும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் விலை ஏறிவிடும். அப்போது கருவாடு, கத்தரிக்காய், பண்ருட்டிப் பலாக்கொட்டை மூன்றும் ஒரே குழம்பில். கொட்டையைத் தட்டிப் போட்டால் தோல் எளிதாகக் கழன்றுவிடும்.

மாவு மட்டும் இன்னும் கடையில்தான் வாங்குகிறோம். கிரைண்டர் கழுவ எனக்குப் பொறுமை இல்லை, அவருக்கும் இல்லை.