ஃபேஷனிலிருந்து மேடை உடை வடிவமைப்புக்கு மாற எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நூற்கண்டு:
ஃபேஷன் டிசைனிங் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, இப்போது ஒரு பொட்டிக்கில் மணப்பெண் ரவிக்கைகளுக்கு மாதிரி வரைந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நாடகத்துக்கும் நடனத்துக்கும் உடை வடிவமைக்க வேண்டும் என்பதே என் நெடுநாள் விருப்பம். ஆனால் எனக்கு வரைய வரும் அளவுக்குத் தைக்க வராது. இந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள், ஃபேஷன் அனுபவம் அங்கே எவ்வளவு கைகொடுக்கும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திரைச்சீலை:
தையல் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். பாலே உலகையே வண்ணத்தால் புரட்டிப்போட்ட லியோன் பாக்ஸ்ட் அடிப்படையில் ஓவியர். 1910-ல் பாரிசில் அரங்கேறிய 'ஷெஹெரசாத்' பாலேவுக்கு அவர் அமைத்த அரங்கும் உடைகளும் நகரத்தின் உடை ரசனையையே மாற்றின. 1912 வாக்கில் பாக்கேன் என்ற பெயர்பெற்ற உடையகம் அவர் வரைந்த மாதிரிகளை உடைகளாகத் தைத்தது. மேடையிலிருந்து ஃபேஷனுக்குச் சென்றவர் என்பதால் உங்கள் பாதைக்கு அவர் நேர் எதிர்த்திசைதான். ஆனாலும் கையில் தூரிகை மட்டும் இருந்தாலே போதும் என்பதற்கு அவர் சான்று.

காஜாப்பட்டன்:
பாக்ஸ்டின் மேதைமையை யாரும் மறுக்கப்போவதில்லை. எனினும் இந்தச் சகோதரிக்கு நான் பரிந்துரைப்பது பார்பரா கரின்ஸ்காவின் வரலாற்றை. 1886-ல் கார்கிவ் நகரில் பிறந்த அவர், 1920-களில் ரஷ்யாவை விட்டு வெளியேறிப் பாரிசில் ஊசிவேலையை நம்பியே பிழைத்தார். 1932-ல் கிறிஸ்டியன் பெரார் வரைந்த 'கோட்டியோன்' பாலே உடைகளைத் தைத்ததிலிருந்து, ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் பெரும்பாலும் பிறர் வரைந்ததையே துணியில் கொண்டுவந்தார். 1949-ல் 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்துக்காக டோரதி ஜீக்கின்சுடன் ஆஸ்கர் பெற்ற அதே ஆண்டில்தான், நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீனின் பாலே ஒன்றுக்குத் தாமே வடிவமைத்தும் தைத்தும் கொடுக்கும் வாய்ப்பு அவருக்கு அமைந்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது!

தையல் அறிவு வடிவமைப்பையே எப்படி மாற்றும் என்பதற்கு அவர் 1950-ல் 'சிம்ஃபனி இன் சி' என்ற பாலேவுக்குச் செய்த டூட்டூ, அதாவது பாலே ஆடும் பெண்கள் அணியும் விரிந்த குட்டைப் பாவாடை உடை, நல்ல எடுத்துக்காட்டு. பழைய டூட்டூ பாவாடைக்குள் கம்பி வளையம் இருக்கும். மேடையில் நடனக்காரர்கள் நெருக்கமாக நிற்கும்போது ஒருவர் பாவாடை மற்றவர் மீது இடித்து, பின்பக்கம் தட்டுப்போலத் தூக்கிக்கொள்ளும். கரின்ஸ்கா வளையத்தையே எடுத்துவிட்டு, ஆறேழு அடுக்கு நெட் துணியை ஒன்றைவிட ஒன்று அரை அங்குலம் நீளமாக வெட்டி, அடுக்குகளைத் தளர்வாகப் பிணைத்தார். பாவாடை இடித்தாலும் மென்மையாக வளைந்து தன் நிலைக்குத் திரும்பியது. மேற்சட்டையின் விலாப் பகுதியை, நம் தையற்கடைகளில் கிராஸ் கட் என்கிறோமே, அப்படி நெசவுக்குச் சாய்வாக வெட்டியதால், மூச்சு வாங்கும்போது துணி சற்று நெகிழ்ந்து கொடுத்தது. நின்றுகொண்டிருக்கும் உருவத்தை வரைபவருக்கு இவை தோன்றுவது அரிது.

அரங்கவாசி:
இருவரும் சொன்னதோடு ஜப்பானிய ஃபேஷன் வடிவமைப்பாளர் இசே மியாகேவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபேஷன் உலகிலேயே நின்றபடி, 1991-ல் நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்தின் ஃபிராங்க்ஃபர்ட் பாலே குழுவுக்கு மடிப்பு உடைகளைச் செய்து கொடுத்தவர் அவர். ஆடையைத் தேவைக்கு மேல் பெரிதாகத் தைத்து, தாள்களுக்கிடையே வைத்து வெப்ப அழுத்தத்தில் மடிப்பெடுப்பது அவர் முறை. 1993-ல் 'பிளீட்ஸ் பிளீஸ்' என்ற பெயரில் அதே முறையில் செய்த உடைகள் கடைக்கும் வந்தன.

நூற்கண்டு அவர்கள் பொட்டிக் வேலையை விட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. மணப்பெண் ரவிக்கையும் உடலை ஒட்டியே அமைய வேண்டும் என்பதால், அங்குள்ள கட்டிங் மாஸ்டரிடம் கிராஸ் கட்டையும், பிறகு பிரித்துப் பெரிதாக்க உள்தையலில் துணி விடும் முறையையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மேடை உடை பல ஆண்டுகள், பல உடல்களுக்குப் பயன்பட வேண்டியதாகையால் இரண்டாவது மிக முக்கியம். அடுத்து, தெரிந்த பரதநாட்டிய மாணவி ஒருவருக்கு ஒரு ரவிக்கை தைத்து, ஒத்திகையில் அவரை அரைமண்டியில் அமர்ந்து கைகளை உயர்த்தச் சொல்லி, அக்குள் எங்கே இழுக்கிறது, இடுப்பில் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு திருத்துங்கள். வேலை கேட்டுச் செல்லும்போது ஓவியங்களோடு அந்த ரவிக்கையையும் கொண்டுபோங்கள்.