மினிவேனா, எஸ்யூவியா? அமெரிக்கா புறப்படும் மதுரைக் குடும்பங்களுக்கு

அமெரிக்கா போனதும் மினிவேன் வாங்குவதா, எஸ்யூவி வாங்குவதா என்று ஆனையூர்த் தம்பி கேட்டிருந்தார். அதற்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மினிவேன் என்பது மூன்று வரிசை இருக்கையும் நகரும் கதவும் கொண்ட குடும்ப வேன். இரண்டு குழந்தைகள், அடுத்த ஆண்டு அம்மாவும் அப்பாவும் வந்து ஆறு மாதம் தங்கப்போகிறார்கள் என்றால் மினிவேன் வாங்குங்கள். ஒரே குழந்தை, பெரியவர்கள் வரும் பேச்சு இப்போதைக்கு இல்லை என்றால் ஐந்து பேர் அமரும் சின்ன எஸ்யூவி போதும்; டொயோட்டா ராவ் 4, ஹோண்டா சிஆர்-வி போன்றவை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மூன்று வரிசை எஸ்யூவியின் மேல்தான் நம்மவர்களுக்கு ஆசை அதிகம். நம் குடும்பங்களுக்கு மிகக் குறைவாகப் பொருந்துவதும் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் நீண்ட காலம் ஹூஸ்டன் பக்கம் குடும்பத்தோடு இருந்துவிட்டு இப்போது திருப்பாலையில் குடியிருக்கிறேன். விசா கைக்கு வந்ததும் இங்கிருந்து புறப்படும் பிள்ளைகள் வீட்டு வாடகை, பள்ளிக்கூடம் பற்றி விசாரித்த கையோடு வண்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். பாதிப் பேர் எஸ்யூவி என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். காரணம் புரிகிறது. நம் ஊரில் வேன் என்றால் பழனிக்கும் இராமேசுவரத்துக்கும் வாடகைக்குப் பேசிப் போவது. வாசலில் நிறுத்தினால் தெருவே பார்க்கும் வண்டி என்றால் ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர். வீடியோ அழைப்பில் காட்டும்போது மாமா என்ன சொல்வார், சித்தப்பா என்ன நினைப்பார் என்ற கவலை வேறு. அந்தக் கவலையை மதுரை விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட்டு ஏறுங்கள். மாதத் தவணை கட்டப்போவது நீங்கள்தான்.

எஸ்யூவி என்றால் உறுதி என்ற நினைப்பையும் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். ஸ்கார்ப்பியோவும் ஃபார்ச்சூனரும் லாரியைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய வண்டிகள். அமெரிக்காவில் குடும்பங்கள் வாங்கும் மூன்று வரிசை எஸ்யூவிகளான டொயோட்டா ஹைலேண்டர், ஹோண்டா பைலட், கியா டெல்லுரைட் ஆகியவை அப்படியல்ல. கார்களைப் போலச் சட்டமும் உடலும் ஒன்றாக அமைந்தவை. டொயோட்டாவின் சியன்னா மினிவேனும் ஹைலேண்டர் எஸ்யூவியும் ஒரே அடித்தளத்தில் உருவானவை; இண்டியானா மாநிலத்துப் பிரின்ஸ்டனில் இரண்டும் ஒரே ஆலையில் பல ஆண்டுகள் தயாராகி வந்தன. ஹோண்டாவின் ஒடிசி மினிவேனும் பைலட் எஸ்யூவியும் அலபாமாவின் லிங்கன் என்ற ஊரில் ஒரே ஆலையிலிருந்து வருகின்றன. அடியில் இருப்பது உறவுக்கார எலும்புக்கூடுதான். மேலே இடத்தை எப்படிப் பங்கிட்டிருக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

அந்தப் பங்கீட்டை நம் அம்மாவை வைத்துப் பாருங்கள். அறுபத்தைந்து வயது, முழங்கால் வலி, சுங்குடிச் சேலை. எஸ்யூவியின் மூன்றாம் வரிசைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் உயரமான தரைக்கு ஒரு காலைத் தூக்கி வைக்க வேண்டும். பிறகு இரண்டாம் வரிசை இருக்கையை மடக்கி முன்னுக்குத் தள்ளியதால் கிடைக்கும் சந்தில், குனிந்தபடி, உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். கொசுவம் இருக்கைத் தண்டவாளத்தில் மாட்டும். பிடித்துக்கொள்ளக் கைக்கு எட்டியது இருக்கையின் முதுகுதான்; அதுவும் ஆடும். ஒரு முறை ஏறியவர் அடுத்த முறை "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டிலேயே இருக்கிறேன்" என்பார். குளிர்காலத்தில் நடமாட்டம் இல்லாத தெருவில், நான்கு சுவருக்குள் ஆறு மாதம் இருக்கும் பெரியவர்களுக்கு வண்டியில் ஏறி வெளியே போவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அங்கே போனால் உணர்வீர்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மினிவேனில் தரை தாழ்ந்திருக்கும். வீட்டு வாசற்படி ஏறுவதைப் போல ஏறிவிடலாம். கதவு மாருதி ஆம்னியில் இருந்ததைப் போலப் பின்பக்கமாக நகர்ந்து திறக்கும். பெரும்பாலான மாடல்களில் பொத்தானை அழுத்தினால் மோட்டாரே திறந்து மூடும். இரண்டாம் வரிசையில் தனித்தனி இருக்கைகள் உள்ள ஏழு பேர் மாடலை எடுத்தால் நடுவில் நடைபாதை கிடைக்கும். அம்மாவும் அப்பாவும் இரண்டாம் வரிசையில் கால் நீட்டி அமரலாம், வளர்ந்த பிள்ளைகள் நடைபாதை வழியாகப் பின்னால் ஓடிவிடுவார்கள். ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லாந்தில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. திருவிழா நாளில் அந்த வண்டி நிறுத்தத்தில் பக்கத்து வண்டிக்கும் நம் வண்டிக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்தாலும் நகரும் கதவு முழுதாகத் திறக்கும். பக்கத்துக் காரைக் குழந்தை கதவால் இடித்துவிடுமோ என்ற பதற்றமே இல்லை.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சாதாரண வகுப்பில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலான டிக்கெட்டுகளில் ஆளுக்கு 23 கிலோ எடையில் இரண்டு பெட்டிகள். அம்மா, அப்பா இருவருக்கும் நான்கு பெரிய பெட்டிகள். மிளகாய் வத்தல், பருப்புப் பொடி, கருப்பட்டி, விளக்குத்தூண் பக்கம் வாங்கிய குத்துவிளக்கு என்று நான்கும் நிரம்பித்தான் வரும். கைப்பைகள் தனி. அழைத்துவர நீங்கள் இருவர், குழந்தைகள் இருவர். ஆறு பேர், நான்கு பெட்டிகள். மூன்றாம் வரிசையை மடக்க வழியில்லை. ஹைலேண்டரில் மூன்றாம் வரிசைக்குப் பின்னே உள்ள இடம் 16 கன அடி. சியன்னாவில் அதே இடம் 33.5 கன அடி, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு, மினிவேனின் டிக்கியில் தரை பள்ளமாக இறங்கியிருக்கும். பெரிய பெட்டிகளை நிமிர்த்தி நிறுத்தலாம். அந்தப் பள்ளம்தான் வேண்டாத நேரத்தில் மூன்றாம் வரிசை இருக்கை மடங்கிப் படுத்துக்கொள்ளும் இடமும்.

இடம் இருக்கிறது என்பதற்காக எடையை மறந்துவிடாதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். சராசரி 70 கிலோ என்று ஏழு பெரியவர்களும் நான்கு பெட்டிகளும் சேர்ந்தால் 582 கிலோ, ஏறக்குறைய 1,280 பவுண்டு ஆகிவிடுகிறது. ஷோரூமில் விற்பனையாளர் திரையையும் ஸ்பீக்கரையும் காட்டும்போது நீங்கள் அந்தக் கதவைத் திறந்து அந்த எண்ணைப் படியுங்கள்.

குழந்தைகளின் கார் சீட் பற்றி இங்கிருந்து போகிறவர்களுக்குச் சரியான கணிப்பு இருப்பதில்லை. அழகர்கோயிலுக்கு இன்னோவாவில் போகும்போது பேரனைப் பாட்டி மடியில் வைத்துக்கொள்வார். அங்கே அது சட்டப்படி குற்றம். அதைவிட, உயிருக்கு ஆபத்து. டெக்சாஸில் எட்டு வயதாகும் வரை, அல்லது 4 அடி 9 அங்குல உயரம் தாண்டும் வரை, கார் சீட்டோ, குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கையோ கட்டாயம். நியூ ஜெர்ஸி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பொதுவாகப் பின்னோக்கிய இருக்கை. ஆக, வண்டியில் கார் சீட் பல ஆண்டுகள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். எஸ்யூவியின் இரண்டாம் வரிசையில் அதை இறுக்கிப் பொருத்திவிட்டால், பல மாடல்களில் அந்த இருக்கையை மடக்க முடியாது. பின்வரிசைக்கு அந்தப் பக்க வழி அடைபட்டுவிடும். இரண்டு பக்கமும் கார் சீட் என்றால் நடுவில் நடைபாதை உள்ள மாடலைத்தான் பார்க்க வேண்டும். ஒடிசியில் இரண்டாம் வரிசை இருக்கைகளைப் பக்கவாட்டில் நகர்த்தலாம் என்பது இந்த இடத்தில் பெரிய உதவி.

பாதுகாப்பில் மினிவேனைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ மாட்டேன். காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு 2023இல், பின்வரிசைப் பயணிகளையும் கணக்கில் எடுக்கும் புதிய மோதல் சோதனையில் நான்கு மினிவேன்களைச் சோதித்தது. ஒன்றுகூட நல்ல மதிப்பெண் பெறவில்லை. சியன்னா, கியா கார்னிவல், கிரைஸ்லர் பசிஃபிகா மூன்றும் சுமாருக்கும் கீழே. ஒடிசி அதற்கும் கீழே. வீட்டில் அனைவரும் பின்னால் அமரும் வண்டிக்கு இது சாதாரண விஷயமில்லை. எனவே, நீங்கள் வாங்கும் ஆண்டின் மாடல் அந்தச் சோதனையில் என்ன பெற்றது என்று அந்த அமைப்பின் தளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய வண்டி என்றால் அதன் 17 எழுத்து அடையாள எண்ணை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்தில் இட்டால், சரிசெய்யாமல் விட்ட குறைபாட்டு அறிவிப்புகள் இலவசமாகத் தெரிந்துவிடும்.

எரிபொருளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 மாடலிலிருந்து சியன்னா, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டாக மட்டுமே வருகிறது. கேலனுக்கு 36 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர். ஒடிசி 22 மைல், அதாவது ஒன்பதரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு 12,000 மைல், கேலன் 3 டாலர் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் வேறுபாடு 630 டாலருக்கு மேல். கார்னிவலிலும் 2025 மாடலிலிருந்து ஹைபிரிட் உண்டு. சியன்னாவில் ஒரு குறையும் சொல்ல வேண்டும்: இரண்டாம் வரிசை இருக்கையைக் கழற்றி வெளியே எடுக்க முடியாது. பசிஃபிகாவின் பல மாடல்களில் அது தரைக்குள்ளேயே மடங்கிவிடும். கட்டிலும் அலமாரியும் வாங்கி நீங்களே ஏற்றி வருவதாக இருந்தால் யோசியுங்கள்.

வில்லாபுரத்துச் சகோதரி கேட்டிருந்தார்: "மின்னசோட்டா போகிறோம். பனியில் மினிவேன் போகுமா?" போகும், சகோதரி. பனியில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது டயர். நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்கு உதவும். பிரேக் போட்டால் நிற்பதற்கு உதவாது. நவம்பர் வாக்கில் நான்கு சக்கரத்துக்கும் குளிர்கால டயர் போட்டுக்கொள்ளுங்கள். சியன்னாவிலும் பசிஃபிகாவிலும் நான்கு சக்கர இயக்கம் உள்ள மாடல்களும் உண்டு. உங்கள் வீடு மேட்டுப் பாதையில் இருந்து, பனியை அகற்றும் வண்டி தாமதமாக வரும் இடமாக இருந்தால் மட்டும் எஸ்யூவியின் உயரம் பயன்படும். படகோ பெரிய டிரெய்லரோ இழுக்கப் போகிறவர்களுக்கும் எஸ்யூவிதான். பைலட், டெல்லுரைட் போன்றவை 5,000 பவுண்டு வரை இழுக்கும், சியன்னாவும் ஒடிசியும் 3,500 வரைதான்.

இன்னொருவர், "என் மனைவி மதுரையில் ஸ்கூட்டரும் ஸ்விஃப்டும்தான் ஓட்டியிருக்கிறார், இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுவாரா?" என்று கேட்கிறார். இன்னோவா கிரிஸ்டாவின் நீளம் 4.73 மீட்டர், சியன்னா 5.17 மீட்டர். வேறுபாடு ஒன்றரை அடிக்கும் கொஞ்சம் குறைவு. கீழமாசி வீதியில் ஸ்விஃப்டை ஓட்டியவருக்கு அங்குள்ள சாலை அகலத்தில் இது பழகிவிடும். 2018 மே மாதத்திலிருந்து அங்கே தயாராகும் எல்லாப் புதிய கார்களிலும் பின்புறக் கேமரா கட்டாயம். மூக்கு தாழ்ந்திருப்பதால் வண்டிக்கு முன்னே நிற்கும் சிறு குழந்தை கண்ணில் படுவது மினிவேனில் சுலபம். முடிவு செய்யும் முன் ஒரு வார இறுதிக்கு மினிவேனை வாடகைக்கு எடுத்து அவரையே ஓட்டச் சொல்லுங்கள். கார் சீட்டையும் பொருத்திப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கொட்டகையில் நுழைகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். போன உடனே புது வண்டிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு அங்கே கடன் வரலாறு இருக்காது. மதுரையில் வங்கியில் எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும் பொதுவாக அங்கே கணக்கில் வராது. வட்டி கூடும், புதிதாக உரிமம் எடுத்தவருக்குக் காப்பீடும் கூடும். முதல் சில மாதங்கள் நம்பகமான பழைய சிறிய காரில் ஓட்டிக்கொண்டு, கிரெடிட் கார்டைத் தவறாமல் கட்டி, உங்கள் கடன் மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோர் ஏறியபின் பெரிய வண்டிக்குப் போங்கள். கடனுக்கு டீலரிடம் மட்டும் கேட்காமல், உறுப்பினர்கள் நடத்தும் கிரெடிட் யூனியனிலும் கேளுங்கள்.

டீலரிடம் "மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்" என்ற பேச்சுக்குள் போகவே போகாதீர்கள். தவணைக் காலத்தை நீட்டி எந்த விலையையும் சின்னதாகக் காட்டிவிடலாம். நிர்ணயித்த விலைக்கு மேல் கூடுதல் தொகை, கேட்காத பூச்சு, டயருக்கு நைட்ரஜன் என்று வரிவரியாக ஏற்றுவார்கள். டெக்சாஸில் விற்பனை வரி மட்டும் 6.25 சதவீதம். வரி, பதிவுக் கட்டணம், ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்த்து வண்டியைச் சாவியோடு வெளியே எடுத்துப்போக மொத்தம் எவ்வளவு என்று மூன்று நான்கு டீலர்களிடம் மின்னஞ்சலிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவரிடம் நேரில் போக வேண்டாம். மாதக் கடைசியில் கேட்டால் சில இடங்களில் இறங்கி வருவார்கள். ஆனையூர்த் தம்பி, உங்கள் அப்பா அம்மா வருவதற்கு மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். தேவைப்படும் மாடலும் நிறமும் அந்த வாரமே கிடைக்காது, அவசரத்தில் வாங்குகிறவருக்கு விலை குறையாது.